உடல் பருமன் அறுவை சிகிச்சை: 'ஸ்லீவ்' முறையா, 'பைபாஸ்' முறையா?

புது தில்லி: உணவுக் கட்டுப்பாட்டாலும் உடற்பயிற்சியாலும் குறையாத கடும் உடல் பருமனுக்கு அறுவை சிகிச்சை ஒரு வழியாக உள்ளது. எனினும், எந்த முறை ஏற்றது என்பதை உடல் எடையை மட்டும் கொண்டு முடிவு செய்ய இயலாது. நோயாளிக்கு உள்ள பிற நோய்களையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

'ஸ்லீவ்' முறையில் இரைப்பையின் ஏறத்தாழ 80 சதவீதம் அகற்றப்பட்டு, எஞ்சிய பகுதி குழாய் வடிவில் அமைக்கப்படுகிறது. குடலின் பாதை மாற்றப்படுவதில்லை. ஆனால், அகற்றிய பகுதியை மீண்டும் பொருத்த முடியாது. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அத்தொல்லை அதிகரிக்கவும் கூடும்.

'பைபாஸ்' முறையில் இரைப்பையின் மேற்பகுதியில் சுமார் 30 மில்லி லிட்டர் கொள்ளளவுள்ள சிறிய பை உருவாக்கப்பட்டு, சிறுகுடலுடன் நேரடியாக இணைக்கப்படுகிறது. கடும் நெஞ்செரிச்சலோ இரண்டாம் வகை நீரிழிவோ உள்ளவர்களுக்கு இம்முறை பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுகிறது. அதேசமயம் இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் பி12 ஆகியவற்றின் குறைபாடு ஏற்படும் வாய்ப்பு இதில் அதிகம்.

உடல் நிறை குறியீட்டெண் 27.5-ஐக் கடந்த ஆசியர்களுக்கு இச்சிகிச்சையை அளிக்கலாம் என 2022-ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. ஆனால், இந்தியாவில் மருத்துவக் காப்பீட்டு விதிகளின்படி அது 40 ஆகவோ, கடும் இணைநோய் இருப்பின் 35 ஆகவோ இருத்தல் வேண்டும். எனவே, மருத்துவ ரீதியாகத் தகுதி பெற்றவர்களும் முழுச் செலவைத் தாங்களே ஏற்க நேரிடலாம்.

எம்முறையாயினும் சத்து மாத்திரைகளும் மருத்துவக் கண்காணிப்பும் வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டும். அதற்கு ஆயத்தமான பின்னரே நோயாளி முடிவெடுப்பது நலம்.