மாவு ஆட்டியவர் யார்?

எங்கள் வீட்டில் இட்லி பூவாக வந்தால் பாராட்டெல்லாம் காலையில் தட்டில் ஊற்றி எடுத்தவருக்குத்தான். முந்தின நாள் உளுந்தை ஊறப்போட்டு, கிரைண்டர் பக்கத்தில் நின்று தண்ணீர் தெளித்துத் தெளித்து ஆட்டியவர் யாருக்கும் ஞாபகம் வரமாட்டார். நியூயார்க்கில் குற்றம் குறைந்த கதையும் ஏறக்குறைய இதுதான்.

1990-ல் அந்த நகரத்தில் 2,200-க்கும் மேற்பட்ட கொலைகள். 1998-ல் சுமார் 630. 1994-ல் மேயராக வந்த ரூடி ஜூலியானிக்குப் பெயர் கிடைத்தது. உளுந்து ஊறப்போட்டவரோ அவருக்கு முந்தைய மேயர் டேவிட் டிங்கின்ஸ். ஆயிரக்கணக்கில் போலீஸ்காரர்களைச் சேர்க்கும் சட்டத்தை 1991-ல் வாங்கிவந்தவர் அவர். ஆள் எடுத்து, பயிற்சி கொடுத்து, தெருவில் கொண்டுவந்து நிறுத்த வருடக்கணக்காகும். 1993 தேர்தலில் அவர் தோற்றபோதே கொலைகள் குறையத் தொடங்கியிருந்தன.

ஜூலியானி ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லவும் முடியாது. அவர் கொண்டுவந்த கமிஷனர் வில்லியம் பிராட்டன் 'காம்ப்ஸ்டாட்' என்று ஒரு முறையைத் தொடங்கினார். ஸ்டேஷன் பொறுப்பாளரைத் தலைமையகத்துக்கு வரவழைத்து, அவர் ஏரியாவின் வரைபடத்தைக் காட்டி, இந்த முனையில் மட்டும் ஏன் இத்தனை துப்பாக்கிச்சூடு, என்ன செய்தீர்கள் என்று எல்லோர் முன்னிலையிலும் துளைத்தெடுப்பார்கள். மூடியைத் திறந்து, மாவைத் தொட்டுப் பார்க்கும் வேலை. இது பலன் தந்தது என்றே நினைக்கிறேன். 1996 ஜனவரியில் டைம் பத்திரிகை அட்டையில் பிராட்டன் படம் வந்தது. சில மாதங்களில் பதவியை விட்டுப் போய்விட்டார். ஒரே அடுப்படியில் இரண்டு பேர் பெயர் வாங்க முடியுமா?

சரி, வெயில்? சித்திரையில் யார் கரைத்துவைத்தாலும் மாவு பொங்கும். நியூயார்க்கிலும் அப்படி வெயில் அடித்தது: கிராக் கொக்கெய்ன் என்ற போதைப்பொருளின் அலை ஓய்ந்தது, வேலைவாய்ப்பு பெருகியது. அதே ஆண்டுகளில், வேறு மாதிரி போலீஸ் நடத்திய சான் டியாகோவிலும் குற்றம் சரிந்தது. தெருவில் எல்லா வீட்டிலும் மாவு பொங்கினால் அதை ஒருவரின் கைப்பக்குவம் என்று எப்படிச் சொல்வது?

பிறகு வந்தது ஆப்பசோடா. ஆட்களை வழியில் நிறுத்திச் சோதிக்கும் முறை அடுத்த மேயர் மைக்கேல் புளூம்பெர்க் காலத்தில் ஊதிப் பெருத்தது. 2011-ல் மட்டும் சுமார் 6,85,000 தடவை. பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள். பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர்மேல் ஒரு வழக்கும் இல்லை. 2013-ல் கூட்டாட்சி நீதிமன்றம், இதை நடத்திய விதம் அரசியல் சாசனத்துக்கு முரணானது என்றது. நிறுத்தினால் கொலைகள் ஏறும் என்று மேயர் தரப்பு பயமுறுத்தியது. சோதனைகள் மளமளவென்று குறைந்தன. 2017-ல் கொலைகள் 300-க்கும் கீழே. சோடா போடாமலே இட்லி மெத்தென்றுதான் வந்தது.

2020-ல் கொரோனா. அமெரிக்கா முழுக்கக் கொலைகள் ஒரே ஆண்டில் ஏறத்தாழ 30 சதவீதம் கூடின, எந்தக் கட்சி மேயர் இருந்த ஊர் என்று பார்க்காமல். கட்சிகள் மட்டும் ஒன்றையொன்று கைகாட்டின. எங்கள் வீட்டிலும் மார்கழியில் மாவு பொங்காத அன்றைக்குத்தான், ஆட்டியது யார் என்று விசாரிப்பார்கள்.