தரவுத்தளத்திடமே கேட்டுப் பாருங்கள்

ஜார்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் இயங்கும் சின்னத் தமிழ் நூலகத்தில் சனிக்கிழமைகளில் தொண்டூழியம் செய்கிறேன். அங்கிருந்த பழைய கணினி மூச்சு வாங்கத் தொடங்கியதால், எல்லாவற்றையும் புதிய கணினிக்கு மாற்றும் பொறுப்பு எனக்கும் என் வகுப்பு நண்பனுக்கும் வந்தது. நூல் விவரம், உறுப்பினர் பெயர், இரவல் கணக்கு அனைத்தும் 'போஸ்ட்கிரெஸ்கியூஎல்' என்னும் தரவுத்தளத்தில் இருந்தன. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சீனியர் அக்கா அமைத்துக் கொடுத்தது. அவர் இப்போது சிங்கப்பூரில் வேலை செய்கிறார். எந்த அட்டவணையில் என்ன இருக்கிறது என்று ஒரு துண்டுத்தாள்கூட எழுதி வைக்கவில்லை.

வாட்ஸ்அப்பில் கேட்டேன். "எனக்கே மறந்துபோச்சு தம்பி. டேட்டாபேஸ்கிட்டயே கேட்டுப் பாரு" என்று பதில் வந்தது. கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது.

படிவம் 4-இல் கணினி அறிவியல் எடுத்தவர்களுக்கு 'பங்காலான் டத்தா' அத்தியாயம் நினைவிருக்கும். அட்டவணை, வரிசை, நெடுவரிசை, திறவுகோல் என்று படித்திருப்போம். ஆனால் ஒரு கேள்வியை நாம் கேட்பதில்லை. 'அஹ்லி' என்றொரு அட்டவணை இருக்கிறது, அதில் இத்தனை நெடுவரிசைகள் இருக்கின்றன என்ற விவரத்தைக் கணினி எங்கே எழுதி வைத்திருக்கிறது? அதையும் அட்டவணைகளில்தான் எழுதி வைத்திருக்கிறது. அவற்றுக்குத்தான் 'சிஸ்டம் கேட்டலாக்' என்று பெயர். தமிழில் அமைப்புப் பட்டியல் எனலாம்.

தொடர்புசார் தரவுத்தளம் என்ற சிந்தனையை 1970-இல் முன்வைத்தவர் ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட். பின்னர் 1985-இல், எதை உண்மையான தொடர்புசார் தரவுத்தளம் என்று அழைக்கலாம் என்பதற்கு அவர் 12 விதிகள் வகுத்தார். நான்காவது விதி இதைப் பற்றியது. தரவுத்தளத்தைப் பற்றிய விவரங்களும் சாதாரணத் தரவு போலவே சேமிக்கப்பட வேண்டும். அனுமதி உள்ளவர் அதே மொழியால் அதையும் வினவ முடிய வேண்டும். நூலகத்தின் பதிவேடும் ஒரு புத்தகமாக அலமாரியில் இருந்து, அந்தப் பதிவேட்டிலேயே அதற்கும் ஒரு வரி இருப்பது போல. போஸ்ட்கிரெஸ்ஸில் அப்படியேதான் இருக்கிறது. எல்லா அட்டவணைகளையும் பட்டியலிடும் அட்டவணையின் பெயர் 'பிஜி கிளாஸ்'. அதில் தேடினால் 'பிஜி கிளாஸ்' என்ற வரியும் கிடைக்கும். முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நேரடியாக இந்தப் பட்டியலைப் படிப்பது சுலபமல்ல. ஒரு நெடுவரிசையின் பெயர் 'பிஜி அட்ரிபியூட்' என்ற இடத்தில். அதன் வகை 'பிஜி டைப்' என்ற இடத்தில். கட்டுப்பாடுகள் 'பிஜி கன்ஸ்ட்ரெய்ன்ட்' என்ற இடத்தில். ஒன்றையொன்று பெயரால் அல்ல, எண்களால் சுட்டுகின்றன. நீக்கப்பட்ட நெடுவரிசைகூட வரிசையாகப் புள்ளிகள் வைத்த விசித்திரப் பெயரோடு அங்கேயே கிடக்கும். இதற்காகத்தான் உதவிக் கருவிகள். 'பிஎஸ்கியூஎல்' என்ற கறுப்புத்திரை நிரலில் பின்சாய்கோடு போட்டு 'டி' எழுத்தைத் தட்டினால் போதும், இருக்கும் அட்டவணைகள் வரிசையாக வரும். கூடவே அட்டவணையின் பெயரையும் கொடுத்தால் அதன் நெடுவரிசைகள், திறவுகோல்கள், அதைச் சுட்டும் பிற அட்டவணைகள் எல்லாம் ஒரே திரையில் வந்துவிடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. அந்த நிரலைத் தொடங்கும்போது ஒரு கோடும் பெரிய 'இ' எழுத்தும் சேர்த்துத் தொடங்கினால், ஒவ்வொரு குறுக்குவழிக்கும் பின்னால் அது இரகசியமாக அனுப்பும் 'செலக்ட்' வினவலையும் காட்டிவிடும். இரண்டு எழுத்துக் கட்டளைக்குப் பின்னால் இருபது வரி! அவற்றை நகலெடுத்து, மாற்றி, ஓட்டிப் பார்த்துத்தான் நான் அமைப்புப் பட்டியலைக் கற்றேன். எந்த விரிவுரையைவிடவும் இது எனக்குப் பலன் தந்தது.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். மொத்தம் 14 அட்டவணைகள். அவற்றில் ஒன்றின் பெயர் 'டிஎம்பி லாமா'. 'டிஎம்பி' என்றால் தற்காலிகம்; 'லாமா' மலாயில் பழையது. தற்காலிகமானது, அதுவும் பழையது! நண்பன் 'டிபீவர்' என்ற கருவியில் எல்லா அட்டவணைகளையும் படமாக வரைந்து காட்டினான். மற்றவை கோடுகளால் இணைந்திருக்க, இது மட்டும் ஓரத்தில் தனியாக நின்றது. "தூக்கிடலாம்டா" என்றான். நானும் தலையாட்டினேன்.

'டிராப் டேபிள்' கொடுத்தான். தரவுத்தளம் மறுத்துவிட்டது. ஒரு 'வியூ' இந்த அட்டவணையைச் சார்ந்திருக்கிறது என்று அதன் பெயரையும் சொன்னது. கீழே ஒரு குறிப்பு: சார்ந்தவற்றையும் சேர்த்து நீக்க 'கேஸ்கேட்' என்று சேர்க்கவும். நண்பன் அந்தச் சொல்லைத் தட்டி முடித்துவிட்டான். 'என்டர்' மட்டும்தான் பாக்கி. அப்போது எனக்கு ஒன்று உறைத்தது. நாங்கள் இன்னும் நகல் எடுக்கவில்லை. உள்ளதை ஒப்புக்கொள்ள வேண்டும், அது எங்கள் தவறு.

"இருடா" என்று சொல்லி, பின்சாய்கோடு, டி, கூட்டல்குறி போட்டு அந்த வியூவின் பெயரைக் கொடுத்தேன். அதன் வினவல் முழுவதும் திரையில் விரிந்தது. திருப்பித் தரப்படாத நூல்களின் பட்டியல் அது. நூலகத்தின் முன்திரையில் தினமும் தெரிவதும் அதுதான். அதன் பாதித் தரவு 'டிஎம்பி லாமா'விலிருந்து வந்துகொண்டிருந்தது. உள்ளே பார்த்தால், கணினி வருவதற்கு முன் நோட்டுப் புத்தகத்தில் எழுதிய இரவல் கணக்கை யாரோ பொறுமையாக உட்கார்ந்து தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். அந்த நோட்டுப் புத்தகம் இன்று இல்லை.

கருவி வரைந்த படம் ஏன் ஏமாற்றியது? அது வரையும் கோடுகள் 'ஃபோரின் கீ' என்று முறையாக அறிவிக்கப்பட்ட உறவுகளுக்கு மட்டும்தான். அக்கா இந்த அட்டவணைக்கு அப்படி எதையும் அறிவிக்கவில்லை. வியூ வழியாக வரும் சார்பு வேறோர் இடத்தில், 'பிஜி டிபெண்ட்' என்ற அட்டவணையில் பதிவாகிறது. அதுவும் வியூவின் பெயரில் நேராகப் பதிவாவதில்லை. வியூவுக்குப் பின்னால் இருக்கும் மறுஎழுத்து விதியின் பெயரில் பதிவாகிறது. இதைக் கையால் தேட மூன்று அட்டவணைகளையாவது இணைக்க வேண்டும். 'பிஜிஅட்மின்' கருவியில் சார்ந்தவற்றைக் காட்டும் தனிப் பக்கமே உண்டு. அதைத் திறந்திருந்தால் ஒரு நிமிட வேலை.

அதோடு முடியவில்லை. தரவுத்தளத்துக்குள் எழுதப்படும் நிரல்துண்டுகளின் உட்பகுதி, பெரும்பாலும் வெறும் எழுத்துச்சரமாகத்தான் சேமிக்கப்படுகிறது. அதற்குள் எந்த அட்டவணையின் பெயர் வந்தாலும் சார்பு என்று பதிவாகாது. நீக்கும்போது எச்சரிக்கையும் வராது. அதனால் 'பிஜி பிராக்' அட்டவணையில் நிரல்மூலம் இருக்கும் நெடுவரிசையில் 'டிஎம்பி லாமா' என்ற சொல்லைத் தேடினேன். ஒன்று சிக்கியது: உறுப்பினர்களுக்கு நினைவூட்டல் தயாரிக்கும் நிரல்துண்டு. அட்டவணையை நீக்கியிருந்தால் அடுத்த முறை அதை இயக்கும்போதுதான் உடைந்திருக்கும்.

பிறகு ஒழுங்காக 'பிஜி டம்ப்' கொண்டு நகல் எடுத்தோம். அந்த நிரலும் அமைப்புப் பட்டியலை வினவித்தான் எதை எந்த வரிசையில் எழுத வேண்டும் என்று முடிவு செய்கிறது.

புதிதாக முயல்பவர்களுக்கு நான் இடறி விழுந்த இரண்டு இடங்களைச் சொல்லிவிடுகிறேன். 'பிஜி கிளாஸ்' அட்டவணையில் ஒவ்வோர் அட்டவணைக்கும் வரிசை எண்ணிக்கை இருக்கும். அது கடைசியாக ஆய்வு செய்தபோது போட்ட மதிப்பீடுதான். அறிக்கையில் அதை எழுதிவிடாதீர்கள். இரண்டாவது, 'இன்ஃபர்மேஷன் ஸ்கீமா'. இது எஸ்கியூஎல் தரநிலை வகுத்த பொதுவான வடிவம். போஸ்ட்கிரெஸ்ஸில் 2003-இல் வந்த 7.4 பதிப்பு முதல் உண்டு, மைஎஸ்கியூஎல்லிலும் உண்டு. ஒன்றைக் கற்றால் பல இடங்களில் உதவும். ஆனால் உங்களுக்கு உரிமை உள்ளவற்றை மட்டுமே அது காட்டும். குறைந்த அனுமதியுள்ள கணக்கில் நுழைந்து, 14 அட்டவணைகளில் 9 மட்டும் தெரிய, மீதி அழிந்துவிட்டன என்று நான் வியர்த்தது தனிக்கதை. இன்னொன்று, பட்டியலைப் படிக்கலாம். கையால் திருத்த மட்டும் போகாதீர்கள்.

கைப்பேசிச் செயலிகள் பலவற்றில் இருக்கும் 'எஸ்கியூலைட்'டில் இது இன்னும் எளிது. 'எஸ்கியூலைட் மாஸ்டர்' என்ற ஒரே அட்டவணைதான். ஒவ்வொன்றையும் உருவாக்கிய கட்டளை அப்படியே எழுத்தாக அதில் இருக்கும். கணினி அறிவியல் படிக்கும் இடைநிலைப்பள்ளி மாணவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம்.

அன்று மாலை ஆர்வக்கோளாறில் கிடைத்த குறுக்குவழிகளையெல்லாம் தட்டிக்கொண்டிருந்தேன். பின்சாய்கோடு, டி, பெரிய 'எஃப்'. முழுஉரைத் தேடலுக்கான மொழி அமைப்புகளின் பட்டியல் அது. டேனிஷ், டச்சு என்று இறங்கி, சுவீடிஷுக்கும் துருக்கிக்கும் நடுவே 'தமிழ்' என்று நின்றது. 2019-இல் வெளியான 12-ஆம் பதிப்பில் அரபு, இந்தோனேசியம், ஐரிஷ், லிதுவேனியம், நேபாளி ஆகியவற்றோடு தமிழும் சேர்க்கப்பட்டிருக்கிறது. சொற்களில் ஒட்டியிருக்கும் உருபுகளை நீக்கி அடிவடிவத்தைப் பிடிக்க முயலும் கருவி இது. எப்போதும் சரியாக வெட்டுகிறது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் எங்கள் நூலகத் தேடல், 'கதை' என்று தேடினால் 'கதைகளின்' என்பதைத் தவறவிட்டுக்கொண்டிருந்த ஒன்று. தீர்வுக்கான கருவி இத்தனை காலமும் அதே கணினிக்குள் இருந்திருக்கிறது. அடுத்த வேலை அதுதான்.

அட்டவணைகளுக்குத் தமிழிலேயே பெயர் மாற்றிவிடலாமே என்றான் நண்பன். முடியும். ஆனால் பெயருக்கு 63 பைட்தான் இடம். 'நூலகம்' நம் கண்ணுக்கு 4 எழுத்து. யூனிகோட்டில் 6 குறியீடுகள், ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 18. 'திருப்பித் தரப்படாத நூல்கள்' என்று வைத்தால் வால் வெட்டப்படும். பெயர்களை அப்படியே விட்டுவிட்டோம். அதற்குப் பதில் 'கமென்ட்' கட்டளையால் 14 அட்டவணைகளுக்கும் தமிழில் விளக்கம் எழுதினோம். அவை 'பிஜி டிஸ்கிரிப்ஷன்' என்ற அட்டவணையில் சேரும். தரவுத்தளத்தை நகலெடுத்தால் கூடவே வரும். 'டிஎம்பி லாமா'வுக்கு நண்பனே எழுதினான்: "பழைய நோட்டுப் புத்தகக் கணக்கு. வேறு பிரதி இல்லை. தற்காலிகம் அல்ல."

அதைத் திரையோடு படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பினேன். சிரிக்கும் முகம் ஒன்றும், "அட, அந்த நோட்டை டைப் பண்ணினது நான்தான்!" என்ற வரியும் வந்தன.