பாடாங் கோத்தாவில் ஒரு ஜப்பானியக் கும்மி

வாசகர்களே, ஜப்பானியர் கும்மியடித்து நீங்கள் பார்த்ததுண்டா? பார்த்ததில்லை என்றால் பினாங்குக்கு வாருங்கள். அந்தக் கும்மிக்கு ‘போன் ஓடோரி’ என்று பெயர். (தொலைபேசிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ‘ஓடோரி’ என்றால் ஆட்டம். ‘போன்’ என்பது அவர்கள் முன்னோரை நினைக்கும் நாள்கள்.) பெரும்பாலும் ஜூலை மாதத்தில் நடக்கும். பல ஆண்டுகள் ஜார்ஜ் டவுன் கடற்கரைத் திடலான பாடாங் கோத்தாவில்தான் நடந்து வந்திருக்கிறது.

திடலின் நடுவே ஓர் உயரமான மேடை. அதை ‘யாகுரா’ என்கிறார்கள். அதன் மேல் பெரிய முரசு. சுற்றிலும் காகித விளக்குகள். முரசு முழங்கியதும் மேடையைச் சுற்றி வட்டம் கட்டி ஆடுகிறார்கள். பூப்போட்ட பருத்தி அங்கியாகிய ‘யுகாத்தா’ அணிந்த ஜப்பானியப் பெண்கள், அவர்களுக்குப் பின்னால் சீன மாணவிகள், அதற்கும் பின்னால் நம் பிள்ளைகள். அனுமதிச் சீட்டு கிடையாது. ஆட்டம் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் கிடையாது. முன்னால் போகிறவரைப் பார்த்து ஆடினால் போதும். மூன்றாவது சுற்றில் கை தானாக வந்துவிடுகிறது. கால்தான் கொஞ்சம் தகராறு செய்யும். என் கால் இன்றுவரை சமாதானத்துக்கு வரவில்லை!

அந்த ஆட்டங்களில் தோட்டத்து வாசகர்களுக்கு மிகவும் பிடிக்கக்கூடிய ஒன்று ‘தாங்கோ புஷி’. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் பாட்டு இது. கியூஷு தீவில், ஃபுக்குவோக்கா மாநிலத்துச் சுரங்கப் பகுதியில் பிறந்தது. அதன் அசைவுகளைக் கவனியுங்கள். முதலில் மண்வெட்டியால் வெட்டுகிறார்கள். பிறகு கரியை அள்ளித் தோளுக்குப் பின்னால் போடுகிறார்கள். நெற்றியில் கை வைத்து நிலவைப் பார்க்கிறார்கள். கரிவண்டியைத் தள்ளுகிறார்கள். பிறகு ஒரு கைதட்டு. ஒரு கூலியாளின் நாள் முழுவதும் ஐந்தாறு அசைவில் முடிந்துவிடுகிறது. அந்தப் பாட்டில் பேர்பெற்ற மீக்கே சுரங்கத்தை 1997-இல் மூடிவிட்டார்கள். ஆட்டம் மட்டும் கடல் கடந்து வந்துவிட்டது. பால்மரம் சீவியதையும் வாளி தூக்கியதையும் நாம் ஏன் இப்படி ஓர் ஆட்டமாக ஆக்கி வைக்கவில்லை என்று எனக்கு அப்போது தோன்றியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணம் போய்விட்ட பிறகு அதை யாரிடம் கேட்பது?

இத்தனை ஜப்பானியர் இங்கே எப்படி வந்தார்கள்? 1972-இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வர்த்தக வட்டாரம் திறக்கப்பட்டபோது ஹிட்டாச்சி, கிளேரியன் போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் முதல் வரிசையில் வந்தன. தோட்டத்தை விட்டு வந்த நம் பெண்கள் பலருக்கு அந்த வட்டாரத்துத் தொழிற்சாலைகளில்தான் முதல் மாதச் சம்பளம் கிடைத்தது. பொறியாளர்கள் குடும்பத்தோடு தங்கினார்கள். ஜப்பானியப் பள்ளி ஒன்று ஏற்பட்டது. 2002 முதல் ‘மலேசியா எனது இரண்டாவது இல்லம்’ திட்டத்தில் ஓய்வு பெற்ற முதியவர்களும் வந்து சேர்ந்தார்கள். இந்த விழாவும் அப்படி வந்ததுதான். சிலாங்கூரில் 1977-இல் ஜப்பானியர்கள் தங்கள் பிள்ளைகள் சொந்த ஊர் வழக்கத்தை மறந்துவிடக் கூடாதே என்று தொடங்கியது, பின்பு எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது.

ஆனால் இவர்கள் பினாங்குக்குப் புதியவர்கள் அல்லர். ஜாலான் பி.ரம்லியில் ஒரு ஜப்பானிய இடுகாடு இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்பு வறுமையால் இங்கே கொண்டுவரப்பட்டு, சிந்த்ரா தெருப் பக்கத்து விடுதிகளில் காலம் கழித்த ஏழைப் பெண்கள் பலர் அங்கே கிடக்கிறார்கள்.

இன்னொரு வரவையும் சொல்லாமல் விட முடியாது. 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன் மீது குண்டு போட்டன. அதே மாதம் 19-ஆம் தேதி அவர்களுடைய படை தீவுக்குள் வந்தது. பின்னர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட மலாயாவிலிருந்து 70,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனார்கள். பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் பல்லாயிரம் பேர் அங்கேயே மாண்டார்கள். என் தாய்வழித் தாத்தாவும் 1943-இல் செபராங் பிறைத் தோட்டம் ஒன்றிலிருந்து போனவர்தான். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

எனவே, 2022-இல் என் பெரியம்மாவை இந்த விழாவுக்குக் கூப்பிடுவதா வேண்டாமா என்று நான் வெகுநேரம் யோசித்தேன். தாத்தா போனபோது அவருக்கு வயது 5. 2022-இல் 84. “ஜப்பான்காரன் கூத்தா? நான் எதுக்குடா?” என்றார் முதலில். மறுநாள் அவராகவே, “சரி, வந்துதான் பார்க்கிறேன்” என்றார்.

பெருந்தொற்றால் இரண்டு ஆண்டுகள் நின்றிருந்த விழா அந்த ஆண்டுதான் மறுபடி நடந்தது. முஸ்லிம்கள் போக வேண்டாம் என்று சமய விவகார அமைச்சர் அறிவுரை சொல்ல, விழா நடக்கட்டும் என்று சிலாங்கூர் சுல்தான் சொல்ல, நாடே அதைப் பற்றிப் பேசியது. விளைவு? வழக்கமாக வராதவர்களும் வந்தார்கள். பினாங்கு விழா ஜூலை 30, சனிக்கிழமை. இரண்டு நாளுக்கு முன்பு, 28-ஆம் தேதி, ஆடி அமாவாசை. 29-ஆம் தேதி சீனர்களின் ஏழாம் மாதம் பிறந்தது; பசித்த ஆவிகளுக்குப் படையல் போடும் மாதம் அது.

மூன்றும் அடுத்தடுத்து வந்தது அந்த ஆண்டின் தற்செயல். ஆனால் சீனர் படையலுக்கும் ஜப்பானியர் போனுக்கும் வேர் ஒன்றுதான். புத்தரின் சீடர் மொக்கல்லானர் தம் இறந்துபோன தாயைப் பசித்த பேய்களின் உலகில் கண்டார். அவர் கொடுத்த சோறு தாயின் வாய்க்கருகே நெருப்பாகிவிட்டது. புத்தர் சொன்னபடி, மழைக்காலத் தவம் முடித்த துறவிகளுக்கு அன்னமிட்டார். தாய்க்கு விடுதலை கிடைத்தது. மகன் மகிழ்ச்சியில் ஆடிய ஆட்டமே போன் ஆட்டம் என்பது அவர்கள் சொல்லும் கதை.

கடல் சுவரோரம் பெரியம்மாவை உட்காரவைத்து இந்தக் கதையைச் சொன்னேன். திடலின் ஒரு பக்கத்தில் முதல் உலகப் போரில் மாண்டவர்களுக்கான நினைவுத்தூண் நிற்கிறது. அதைச் சற்று நேரம் பார்த்தார். தாத்தா இறந்த தேதி தெரியாததால் ஒவ்வோர் ஆடி அமாவாசையிலும் அவருக்குப் படையல் போடுகிறவர் அவர். இரண்டு நாளுக்கு முன்புதான் போட்டிருந்தார்.

“அப்போ, இவங்களும் செத்தவங்களுக்குத்தான் ஆடுறாங்களா?” என்று கேட்டார்.

“ஆமாம் பெரியம்மா.”

“சின்னப் பிள்ளைங்க. இதுங்களுக்கு என்ன தெரியும்?” என்றார். கோபமாகச் சொன்னாரா, இரக்கமாகச் சொன்னாரா, எனக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் துணியவில்லை.

தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் வரும்போது தெரு நெடுகச் சீனர்கள் தேங்காயை மலைபோல் குவித்து உடைப்பதை நாம் பார்த்துப் பழகியவர்கள். ‘உனக்கு என்ன பாத்தியதை?’ என்று எந்தச் சீனரையும் நாம் கேட்டதில்லை. அந்த நினைப்பில்தான் நானும் வட்டத்துக்குள் போனேன். கரி வெட்டினேன், வண்டி தள்ளினேன், தப்பான காலை வைத்து முன்னால் போன ஒரு ஜப்பானியப் பாட்டியின் செருப்பை மிதித்தேன். அவர் திரும்பிச் சிரித்து, மெதுவாக, எனக்காக இன்னொரு முறை செய்து காட்டினார்.

நீங்கள் போவதாக இருந்தால், நாளும் இடமும் ஆண்டுதோறும் பத்திரிகையில் வரும், முன்னதாகவே பார்த்துக்கொள்ளுங்கள். மாலையில் சீக்கிரம் போய்விடுங்கள். தட்டையான செருப்பு நல்லது. பட்டர்வொர்த்திலிருந்து வருகிறவர்கள் கடைசிப் படகின் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் அதைத் தவறவிட இருந்தோம்.

காரணம் பெரியம்மாதான். புறப்படலாம் என்று எழுந்தபோது, “அந்தப் பாட்டு ஒண்ணு, மண்ணு வெட்டுற மாதிரி ஆடினீங்களே, அதை இன்னொரு தடவை போடுவாங்களா?” என்று கேட்டுவிட்டு மறுபடியும் உட்கார்ந்துகொண்டார்.