வரலாற்றுப் பாடமும் தமிழ்ச் சான்றுகளும்

வரலாறு என்றாலே ஆண்டுகளையும் பெயர்களையும் மனப்பாடம் செய்யும் பாடம் என்னும் எண்ணம் பெற்றோர் பலரிடம் இன்றும் நிலவுகின்றது. சிங்கப்பூர் உயர்நிலைப்பள்ளிகளில் அப்பாடம் அவ்வளவோடு நின்றுவிடுவதில்லை. தேர்வுத்தாளின் ஒரு பகுதியில் மாணவர்க்குச் சில சான்றுகள் தரப்படுகின்றன. அவை ஒரு கடிதமாகவோ, கேலிச்சித்திரமாகவோ, அரசு அறிக்கையாகவோ இருக்கலாம். அவற்றைப் படைத்தவர் யார், எந்நோக்கத்தோடு படைத்தார், ஒரு சான்று மற்றொன்றோடு ஒத்துப்போகின்றதா என மாணவர் ஆராய்ந்து விடையெழுத வேண்டும். இவற்றோடு இன்னொரு வினாவையும் நாம் சேர்த்துக்கொள்ளலாம்: யாருடைய சான்று இங்கே இல்லை?

ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் அமைக்கப்பட்ட சயாம்–பர்மா ரயில்பாதையை எடுத்துக்கொள்வோம். 1942ஆம் ஆண்டில் தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பட்ட அப்பாதையின் நீளம் ஏறத்தாழ 415 கிலோமீட்டர். சாங்கியில் சிறைப்பட்டிருந்த நேச நாட்டுப் படைவீரர் பலர் அப்பணிக்கு அனுப்பப்பட்டனர். பாதையில் பணியாற்றிய போர்க்கைதிகளுள் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறைத்து வைத்த நாட்குறிப்புகளும் ஓவியங்களும் நினைவு நூல்களும் அவர்தம் துயரைப் பதிவு செய்துள்ளன. காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் இன்றும் பேணப்படுகின்றன.

அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழரும், பர்மியரும், ஜாவானியரும் உழைத்தனர். காலராவும் பட்டினியும் அவர்களைக் கூட்டங்கூட்டமாக மாய்த்தன. ஆசியத் தொழிலாளருள் இறந்தோர் தொகை போர்க்கைதிகளின் தொகையினும் பன்மடங்கு மிகுதி. ஆயினும், முறையான பெயர்ப்பட்டியல் இல்லாமையால் அத்தொகை மதிப்பீடாகவே நிற்கின்றது. அவருள் எழுதப் படிக்க அறியாதோர் பலர். அவர்கள் நாட்குறிப்பு எழுதவில்லை. சான்று குறைந்த இடத்தில் துயரும் குறைவு என்று மாணவர் கருதிவிடலாகாது.

அத்தொழிலாளருள் உயிர் மீண்ட தமிழர் தம் அனுபவத்தைத் தமிழிலேயே சொன்னார்கள். அத்தகைய நினைவுகளைத் தேட நமக்கு வழிகள் உண்டு. 1979ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சிங்கப்பூரின் வாய்மொழி வரலாற்றுப் பணி, தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் மக்களின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்துள்ளது. 1935இல் தோன்றிய தமிழ் முரசின் பழைய இதழ்களைத் தேசிய நூலக வாரியம் மின்வடிவில் வழங்குகின்றது.

நம் பிள்ளைகள் வரலாற்றை ஆங்கிலத்தில் பயில்கின்றனர். மொழிபெயர்ப்பு பெரிதும் உதவும். ஆனால் எல்லாவற்றையும் அது கொண்டுவராது. ‘கங்காணி’ என்னும் சொல்லை மேற்பார்வையாளர் என்னும் பொருளில் பெயர்த்துவிட்டால், தன் ஊராரையே ஆள்சேர்த்து, முன்பணம் தந்து கடனால் பிணைத்துக் கடல்கடந்து அழைத்து வந்தவர் என்னும் செய்தி மறைந்துவிடுகின்றது. அச்சொல்லின் பொருளறிந்த மாணவர், தோட்ட வாழ்வின் அதிகார உறவுகளைத் தாமே விளங்கிக்கொள்வார்.

ஆதலால், தமிழாசிரியரும் வரலாற்றாசிரியரும் இணைந்து ஆண்டுக்கு ஒரு தமிழ்ச் சான்றையேனும் வகுப்பில் ஆராயலாம். வீட்டில் முதியோரின் நினைவுகளைப் பிள்ளைகள் கேட்டு, நாளும் இடமும் குறித்துப் பதிந்து வைக்கலாம். போர்க்காலத்தை நேரிற் கண்டோர் நம்மிடையே மிகச் சிலரே எஞ்சியுள்ளனர். அவர்களிடம் கேட்கவேண்டியவற்றை இப்பொழுதே கேட்போம்.