அரைக்கம்பத்தில் ஒரு கொடி

2015-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் தேதி மாலை, ஷில்லாங் நகரில் மாணவர்கள் முன்னிலையில் பேசிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்துவிட்ட அப்துல் கலாம் அவர்களுக்காகத் தேசம் ஏழு நாள் துக்கம் அனுஷ்டித்தபோது, அரசாங்கக் கட்டடங்களின் மேல் மூவர்ணக்கொடி பாதிக் கம்பத்தில் நின்றதை நாம் அண்ணாந்து பார்த்தோம். அப்படிப் பார்த்தவர்களுள் பெரும்பாலோர், காலையில் யாரோ ஒருவர் கொடியைப் பாதிவரை ஏற்றி அங்கேயே கயிற்றை முடிந்துவிட்டார் என்றே எண்ணியிருக்கக்கூடும். ஆனால் கொடி அந்த இடத்துக்கு அவ்விதம் வந்து சேர்வதில்லை.

துக்க தினத்திலும் கொடியை முதலில் கம்பத்தின் உச்சிவரையில் ஏற்றவே வேண்டும். உச்சியில் ஒரு கணம் நிறுத்திய பின்னரே அதனைப் பாதிக்கு இறக்க வேண்டும். அந்தி வேளையில் கழற்றும்போதும் பாதியிலிருந்து நேரே கீழே கொண்டுவந்துவிடலாகாது. மறுபடியும் உச்சிக்கு ஏற்றி, அங்கிருந்துதான் இறக்க வேண்டும். முழு உயரத்தையும் ஒருமுறை எட்டிவிட்டு இறங்கிய கொடியே தாழ்த்தப்பட்ட கொடி. எட்டாமல் நடுவில் நிற்பது கப்பியில் கயிறு சிக்கிக்கொண்ட கொடிக்குச் சமானம். பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும் என்பது உண்மைதான். ஆயினும், ஒருவரும் எழுந்து வராத அதிகாலையில், அந்த ஒரு கணத்துக்காகக் கொடியை உச்சிவரை கொண்டுபோய் நிறுத்துகிற கை இருக்கிறதே, இந்த ஆசாரத்தின் ஜீவன் முழுவதும் அதில்தான் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

பாதி என்பதும் எல்லா தேசங்களிலும் ஒரே பாதியன்று. நம் நாட்டில், கம்பத்தை நாற்புறமும் இழுத்துப் பிடிக்கும் தாங்குகயிறுகள் கட்டப்பட்ட இடத்துக்கும் உச்சிக்கும் இடையே சரிபாதி. தாங்குகயிறு இல்லாத கம்பமானால், கம்பத்தின் பாதி. பிரிட்டனிலோ கீழிருந்து மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் கொடி நிற்கும். உச்சிக்கும் அதற்கும் நடுவே குறைந்தபட்சம் அக்கொடியின் அகலத்தளவாவது வெற்றிடம் விடுவார்கள்.

இந்த வழக்கம் கடலில் பிறந்தது. 1612-ஆம் ஆண்டு கிரீன்லாந்துக் கரையில் அத்தீவின் மக்களால் கொல்லப்பட்ட ஜேம்ஸ் ஹால் என்ற ஆங்கிலேய மாலுமித் தலைவருக்காக, 'ஹார்ட்ஸ் ஈஸ்' என்னும் கப்பல் கொடியைத் தாழ்த்திக்கொண்டு சென்றது என்பதே இதைப்பற்றிப் பொதுவாக எடுத்துச் சொல்லப்படும் மிகப் பழைய செய்தி. மேலே விடப்படும் வெற்றிடம், கண்ணுக்குப் புலனாகாத மரணத்தின் கொடி பறப்பதற்கான இடம் என்று ஒரு விளக்கமும் வழங்கி வருகிறது. வில்லும் புலியும் மீனும் பொறித்த கொடிகளைப் பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்குக் கொடி தாழ்வதென்றால் தோல்வி என்பதே பழகிய பொருள். அதே தாழ்வு, இறந்தவருக்குச் செய்யும் மரியாதையாக மாறியது கப்பல்காரர்கள் உலகுக்குத் தந்த கொடை.

தாழவே தாழாத கொடிகளும் உண்டு. ஸௌதி அரேபியாவின் கொடியில் இஸ்லாத்தின் கலிமா எழுதப்பட்டிருப்பதால், யார் இறந்தாலும் அது இறங்குவதில்லை. பிரிட்டிஷ் அரசரின் தனிக்கொடியும் அத்தகையதே. ஓர் அரசர் கண்மூடிய கணத்திலேயே அடுத்தவர் அரசராகிவிடுவதால், சிம்மாசனத்துக்கு மரணம் இல்லை என்பது அங்குள்ள கொள்கை. 1997-ஆம் ஆண்டு டயானா மறைந்தபோது, அரசி ஊரில் இல்லாமையால் பக்கிங்ஹாம் அரண்மனைக் கம்பம் வெறுமையாகவே நிற்க, ஜனங்கள் அதைக் கண்டு மனம் பொறாது முறையிட்டனர். செப்டம்பர் 6-ஆம் தேதி இறுதிச் சடங்குக்கு, அதற்குள் ஊர் திரும்பியிருந்த அரசி புறப்பட்டுச் சென்றதும், அவருடைய தனிக்கொடி இறக்கப்பட்டு, அவ்விடத்தில் தேசக்கொடி அரைக்கம்பத்தில் ஏறிற்று. அமெரிக்காவில் வேறொரு அழகான வழக்கம்: போரில் மாண்டவர்களை நினைக்கும் மே மாதத்து நாளில் நண்பகல்வரையில் கொடி பாதியில் நிற்கும், பிற்பகலில் உச்சிக்கு ஏறிவிடும்.

கையில் ஏந்திச் செல்லும் கொடியைப் பாதியில் நிறுத்த வழியில்லை அல்லவா? ஆகவே, துக்க ஊர்வலங்களில், அரசாங்கம் ஆணையிட்டால், கொடிக்கோலின் ஈட்டி முனையில் இரண்டு கறுப்புத் துணிப் பட்டைகளைக் கட்டித் தாமாகவே தொங்க விடுவது நம் முறை. 1912-இல் மெய்ஜி சக்கரவர்த்தி காலமானபோது ஜப்பானியரும் கோலின் தலையிலுள்ள உருண்டையைக் கறுப்புத் துணியால் மூடினர்.

2002-ஆம் ஆண்டு ஜனவரி 26 முதல் அமலில் உள்ள இந்தியக் கொடி விதித்தொகுப்பு, யார் இறந்தால் எங்கே கொடி தாழ வேண்டும் என்பதை வரையறுத்திருக்கிறது. ஜனாதிபதி, உபஜனாதிபதி, பிரதம மந்திரி ஆகியோருக்கு நாடு முழுவதும். மக்களவைச் சபாநாயகருக்கும் இந்தியாவின் தலைமை நீதிபதிக்கும் டில்லியில். கவர்னருக்கும் முதல் மந்திரிக்கும் அந்தந்த மாநிலம் முழுவதும். செய்தி பிற்பகலில் கிடைத்தால், மறுநாள் சூரியோதயத்துக்கு முன் இறுதிச் சடங்கு முடிந்திராவிடில், மறுநாளும் கொடி தாழ்ந்தே இருக்கும். வேறெந்தக் கொடியும் தனக்கு மேலே பறக்க இடங்கொடாத தேசியக்கொடி, அன்றைக்கு மட்டும் தான் ஒன்றே இறங்கி, மற்றக் கொடிகளைத் தத்தம் உயரத்தில் விட்டுவிடுகிறது. நமக்குப் பிரியமானவர் இறந்தார் என்று நாமாக அதைத் தாழ்த்துவதற்கு உரிமையில்லை. அரசாங்க ஆணையின்றி அப்படிச் செய்வது, தேசிய கௌரவத்துக்கு இழைக்கும் அவமதிப்பைத் தடுக்கும் 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம்.

விதிகளுள் என் நெஞ்சைத் தொடுவது, துக்க தினமும் குதூகல தினமும் ஒன்றாக வந்துவிட்டால் செய்ய வேண்டியது யாது என்பதே. சுதந்திர தினம், குடியரசு தினம், காந்தியடிகள் பிறந்த நாள், ஜாலியன்வாலாபாக் தியாகிகளின் நினைவாக ஏப்ரல் 6 முதல் 13 வரை வரும் தேசிய வாரம், மாநிலம் உதயமான நாள் ஆகிய தினங்களில் எவர் இறப்பினும் கொடி தாழாது. ஒரே ஒரு கட்டடம் மட்டும் இதற்கு விலக்கு. இறந்தவரின் உடல் கிடத்தப்பட்டிருக்கும் அந்தக் கட்டடத்தின் மேல் மாத்திரம், ஊரெங்கும் கொடிகள் உச்சியில் பறந்துகொண்டிருக்க, ஒரு கொடி பாதியில் நிற்கும். உடல் அங்கிருந்து எடுத்துச் செல்லப்பட்டதும், கயிற்றருகே காத்து நிற்பவர் அதையும் உச்சிக்கு ஏற்றிவிடுகிறார்.