இரும்புக்கு வந்த மவுசு

2020 மார்ச்சில் சீனாவின் பி.ஒய்.டி. நிறுவனம் ஒரு வீடியோவை வெளியிட்டது. பேட்டரியின் மேல் முட்டையை வைத்துவிட்டு, பேட்டரியின் வயிற்றில் நீளமான ஓர் ஆணியை இறக்குகிறார்கள். நிக்கலும் கோபால்ட்டும் கலந்த முதல் பேட்டரி குபீரென்று தீப்பிடிக்கிறது. மேற்பரப்பின் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. முட்டையின் கதியைச் சொல்லத் தேவையில்லை. அடுத்து, ‘பிளேடு’ என்று அந்நிறுவனம் பெயரிட்ட நீளப் பட்டை வடிவ பேட்டரி. ஆணி முழுதாக உள்ளே போய்விட்டது. புகை இல்லை, தீ இல்லை. வெப்பம் 60 டிகிரிக்குள் அடங்கிவிட, முட்டை வேகக்கூட இல்லை.

சொந்தச் சரக்கை விற்க எடுத்த விளம்பரம் என்பதால் பாதியைத் தள்ளுபடி செய்துவிடலாம். தள்ளுபடி போக மிஞ்சும் பாதி வேதியியல் உண்மை. அந்த பேட்டரியின் பெயர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட், சுருக்கமாக எல்.எஃப்.பி. கார், பேருந்து, மின்நிலையம் என்று இன்று லித்தியம் பேட்டரி நுழையாத இடமில்லை. ஆனால் இத்தனை இடங்களுக்கும் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் பெரும்பங்கு, ‘எடை அதிகம், திறன் குறைவு’ என்று பல ஆண்டுகள் ஓரங்கட்டப்பட்ட இந்த இரும்பு வகைக்குத்தான்.

எந்த லித்தியம் அயனி பேட்டரியும் அடிப்படையில் ஒரே வேலையைத்தான் செய்கிறது. சார்ஜ் ஏற்றும்போது லித்தியம் அயனிகள் நேர்முனையிலிருந்து கிளம்பி, எதிர்முனையில் உள்ள கிராஃபைட்டுக்குள் போய்த் தங்குகின்றன. பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. அவை உள்ளே இடம் மாறும் அதே நேரத்தில் எலெக்ட்ரான்கள் வெளியே கம்பி வழியாக ஓடுகின்றன. அந்த ஓட்டம்தான் நமக்குக் கிடைக்கும் மின்சாரம். 1970களில் ஸ்டான்லி விட்டிங்காம் இதற்கு வழி காட்டினார். 1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குடினஃப் குழு, லித்தியம் கோபால்ட் ஆக்சைடு நல்ல நேர்முனை என்று கண்டறிந்தது. 1985இல் ஜப்பானின் அகிரா யோஷினோ எதிர்முனைக்குக் கார்பனைக் கொண்டுவந்தார். 1991இல் சோனி அதைக் கடைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தபோது குடினஃபுக்கு வயது 97. அந்த வயதில் வேறு யாரும் நோபல் வாங்கியதில்லை.

கோபால்ட் ஆக்சைடில் ஒரு வில்லங்கம் உண்டு. அளவுக்கு மீறிச் சூடானால் அதன் படிகம் குலைந்து ஆக்சிஜனை வெளியேற்றும். பக்கத்திலேயே எளிதில் பற்றக்கூடிய திரவம் இருக்கிறது. எரிவதற்குத் தேவையான ஆக்சிஜன் பேட்டரிக்குள்ளேயே ஊறிக்கொண்டிருக்கும்போது, மண்ணைப் போட்டு மூடினாலும் தீ அடங்குவது கடினம். கோபால்ட் வரும் வழியும் சாதகமாக இல்லை. உலகக் கோபால்ட்டில் பெரும்பகுதி காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அங்கே கையால் தோண்டும் சுரங்கங்களில் குழந்தைகள் வேலை செய்வதை 2016இல் ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் அறிக்கையாகவே வெளியிட்டது. கைப்பேசிக்குச் சில கிராம் கோபால்ட் போதும். உலகத்துப் பேருந்துகளை எல்லாம் அதை நம்பி ஓட்ட முடியாது.

மாற்றாக இரும்பைப் போடலாமே என்ற யோசனை எல்லோருக்கும் வந்ததுதான். பூமியின் மேலோட்டில் அலுமினியத்துக்கு அடுத்தபடி அதிகம் கிடைக்கும் உலோகம் அது. ஆனால் இரும்பு ஆக்சைடு தரும் வோல்டேஜ் 2.5ஐக்கூடத் தொடவில்லை. பேட்டரிக்கு அது பற்றாது.

இந்த இடத்தில் கதைக்குள் வருகிறார் ஒரு தமிழர். தென் தமிழ்நாட்டின் அமரபுரம் என்ற சிற்றூரில் பிறந்தவர் ஆறுமுகம் மந்திரம். மதுரைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து, 1981இல் சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வாங்கி, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் விரிவுரையாளராக இருந்தார். 1985இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய் குடினஃபுடன் சேர்ந்தார். அடுத்த ஆண்டு குடினஃப் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறியபோது இவரும் ஆஸ்டின் நகருக்குப் போனார். 1980களின் பிற்பாதியில் இருவரும் சேர்ந்து ஒரு வேலை செய்தார்கள். இரும்போடு வெறும் ஆக்சிஜனைச் சேர்ப்பதற்குப் பதிலாக, சல்பேட் போன்ற ஆக்சிஜன் கூட்டணியைச் சேர்த்துப் பார்த்தார்கள். வோல்டேஜ் 3.6க்கு எகிறியது!

காரணம் இதுதான்: சல்பேட்டுக்குள் கந்தகம் ஆக்சிஜனை இறுகப் பிடித்து எலெக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அதனால் இரும்புக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள பிணைப்பு தளர்கிறது. இரும்பின் எலெக்ட்ரான் ஆற்றல் மட்டம் கீழே இறங்குகிறது. அது எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவுக்கு வோல்டேஜ் ஏறும். இரும்பை மாற்றாமல் அதன் அண்டை வீட்டாரை மட்டும் மாற்றிக் கிடைத்த லாபம் இது. 2019 டிசம்பர் 8 அன்று ஸ்டாக்ஹோமில் குடினஃபின் சார்பாக நோபல் உரையை வாசித்தவர் மந்திரம்தான்.

அதே ஆஸ்டின் ஆய்வகத்தில் அக்ஷய பாடி, கே.எஸ். நஞ்சுண்டசுவாமி இருவரும் குடினஃபுடன் சேர்ந்து, சல்பேட்டின் இடத்தில் பாஸ்பேட்டை வைத்து 1997இல் எல்.எஃப்.பி.யை அறிவித்தார்கள். இரும்பும், உர மூட்டையில் இருக்கும் பாஸ்பேட்டும்தான் மூலப்பொருள். பாஸ்பரஸ் தன் ஆக்சிஜனை லேசில் விடாது என்பதால் சூடானாலும் அது வெளியே கசிவதில்லை. ஆணி குத்தியும் தீப்பிடிக்காத ரகசியத்தில் முக்காலே மூணு வீசம் இதுதான்.

ஒரு குறை மட்டும் பெரிதாக நின்றது. இந்தப் பொருளுக்குள் மின்சாரம் ஓடவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. கனடாவின் ஹைட்ரோ-கியூபெக் நிறுவனத்தோடு இணைந்த ஆய்வாளர்கள், துகள்களின் மேல் மெல்லிய கார்பன் பூச்சு கொடுத்துப் பார்த்தார்கள். துகள்களை மிகச் சிறியதாகவும் அரைத்தார்கள். அடம் அடங்கியது. பிறகு தொடங்கியது காப்புரிமைச் சண்டை. அமெரிக்காவில் வழக்குகள் இழுபட்டுக் கொண்டிருக்க, உள்நாட்டில் விற்கும் வரை உரிமத்தொகை தர வேண்டியதில்லை என்ற ஏற்பாட்டோடு சீன நிறுவனங்கள் ஆலைகளைக் கட்டிக்கொண்டே போயின. இந்த வகை பேட்டரியில் முன்னோடியாக இருந்த அமெரிக்காவின் ஏ123 சிஸ்டம்ஸ் 2012இல் திவாலானது. அதை வாங்கியதும் ஒரு சீன நிறுவனம்தான்.

பலன் முதலில் பேருந்துகளில் தெரிந்தது. 2017 முடிவதற்குள் ஷென்ஜென் நகரம் தன் 16,000க்கும் மேற்பட்ட பேருந்துகள் அத்தனையையும் மின்சாரத்துக்கு மாற்றிவிட்டது. பேருந்தில் பேட்டரியின் எடை பெரிய விஷயமல்ல. காரில் அப்படி இல்லை. நூறு கிலோ நிக்கல் வகை செல்கள் சுமார் 25 யூனிட் மின்சாரத்தைச் சேமிக்கும். அதே எடை எல்.எஃப்.பி. செல்களில் ஏறத்தாழ 16 யூனிட்தான். ஆனாலும் செல்களை நேரடியாகப் பெட்டிக்குள் நெருக்கி அடுக்கும் வடிவமைப்பு வந்ததும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. 2020இல் டெஸ்லா தன் ஷாங்காய் ஆலைக் கார்களில் இதைப் பொருத்தியது. அதே ஆண்டு இந்தியச் சாலைக்கு வந்த டாடா நெக்ஸான் மின்காரிலும் இருப்பது எல்.எஃப்.பி.தான். உலக மின்வாகன பேட்டரிச் சந்தையில் 2024இல் ஏறத்தாழ பாதி இதன் கையில்.

விலையையும் பார்த்துவிடலாம். ஒரு யூனிட் மின்சாரத்தைச் சேமிக்கும் லித்தியம் பேட்டரித் தொகுப்புக்கு 2010இல் ஆயிரம் டாலருக்கு மேல் ஆனது. 2024இல் சராசரி 115 டாலர். எல்லா வகைகளும் சேர்ந்த சராசரி இது. எல்.எஃப்.பி. அதைவிட மலிவு.

மின்நிலையத்தில் எடையைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. கான்கிரீட் தளத்தில் கன்டெய்னர்களை வரிசையாக இறக்கிவிட்டால் போதும். கலிபோர்னியாவில் 2019இல் பேட்டரிகளின் திறன் வெறும் 770 மெகாவாட். 2024இல் அது 10,000ஐத் தாண்டியது. பகலில் மிஞ்சும் சூரிய மின்சாரத்தை விழுங்கி, வெயில் சாய்ந்து வீடுகளில் விளக்கெரியும் நேரத்தில் திருப்பித் தருகின்றன. அந்த ஏப்ரலில் ஒரு மாலை, எரிவாயு நிலையங்களையும் முந்தி, சிறிது நேரம் அம்மாநிலத்தின் முதன்மை மின்மூலமாகவே இருந்தன.

எந்த வேதிப்பொருளை உள்ளே வைக்கிறோம் என்பது அங்கேயும் முக்கியம். 2025 ஜனவரி 16 அன்று அதே கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங் பேட்டரி நிலையத்தில் பெருந்தீ பிடித்து, சுற்றுவட்டார மக்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். பழைய டர்பைன் கட்டடத்துக்குள் அடுக்கி வைத்திருந்தவை நிக்கல் வகை செல்கள். 2022 மார்ச்சில் வேலூரில் மின்ஸ்கூட்டர் தீப்பிடித்துத் தந்தையும் மகளும் இறந்ததை நாம் மறந்திருக்க முடியாது. அந்தக் கோடையில் தொடர்ந்து நடந்த விபத்துகளுக்குப் பிறகு மத்திய அரசு பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை இறுக்கியது. எல்.எஃப்.பி. எரியவே எரியாது என்று சொல்லிவிட முடியாது. உள்ளே இருக்கும் திரவம் பற்றக்கூடியதுதான். பற்றுவதற்கு அதிக வெப்பம் வேண்டும். பற்றினாலும் சீற்றம் குறைவு.

குளிரில் இது சுணங்கும். இன்னொரு சின்னத் தொல்லை, எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்பதைக் கணிப்பது. பாதி தீர்ந்த பின்னும் வோல்டேஜ் பெரிதாக இறங்காது என்பதால், கணக்கு வைக்கும் மின்னணுச் சுற்று குழம்பிப்போகும். இந்த பேட்டரி உள்ள காருக்கு வாரம் ஒருமுறையாவது 100 சதவீதம் சார்ஜ் ஏற்றச் சொல்லி டெஸ்லா அறிவுறுத்துவதற்கு அதுவே காரணம். மறுசுழற்சியில் வேறொரு சங்கடம். பழைய நிக்கல், கோபால்ட் பேட்டரியை உடைத்தால் காசு பார்க்கலாம். இதில் லித்தியத்தை விட்டால் கிடைப்பது இரும்பும் பாஸ்பேட்டும். காயலான் கடைக்காரர் முகம் சுளிப்பார்.

அடிப்படைக் காப்புரிமைகள் 2022 வாக்கில் காலாவதியாகிவிட்டன. இப்போது யார் வேண்டுமானாலும் எல்.எஃப்.பி. தயாரிக்கலாம், சட்டப்படி. நடைமுறையில் அதன் நேர்முனைப் பொருளில் கிட்டத்தட்ட முழுவதும் சீனாவில்தான் உற்பத்தியாகிறது. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் லட்சக்கணக்கில் மின்ஸ்கூட்டர்கள் உருவானாலும், இந்தியா தனக்குத் தேவையான செல்களில் பெரும்பகுதியை இறக்குமதிதான் செய்கிறது. 2025 ஜூலையில், அந்த நேர்முனைப் பொருளைத் தயாரிக்கும் தொழில்நுட்பத்தை அரசின் அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்குத் தரக்கூடாது என்று சீனா உத்தரவிட்டது.