வெள்ளத்தில் நின்ற வண்டியும் பாலிஸிப் பத்திரமும்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், செம்பரம்பாக்கம் ஏரிக்கு மேற்கே உள்ள ஊர் தண்டலம். அதற்குச் சற்று அப்பால் இருங்காட்டுக்கோட்டையில் 1998-ம் வருஷம் முதல் ஹூண்டாய் கம்பெனியார் கார்கள் செய்து வருகின்றனர். ஒரகடத்தில் ரெனோ-நிஸான் தொழிற்சாலை 2010-ல் திறக்கப்பட்டது. லாரி, மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைகளும் பின்னர் வந்து சேர்ந்தன. மோட்டார் பிறக்கும் இப்பிரதேசத்தின் வாசலிலேயே ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மோட்டார் மூழ்குகிறது என்பதுதான் விந்தை. 2015 டிசம்பர் 1-ந் தேதி தொடங்கிய பெருமழையில் ஒரே நாளில் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும், தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் பெய்தன. ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி ஜலம் அடையாற்றில் விடப்பட்டது. தொழிற்சாலைகள் பலவும் வேலையை நிறுத்தின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையில் கார்கள் காகிதக் கப்பல்களைப் போல மிதந்து சென்றதை நாடே பார்த்தது.

வண்டி நனைந்தால் துடைத்துக் காயவைத்துக் கிளப்பிவிடலாம் என்று நம்மவர் பலர் இன்னும் எண்ணுகின்றனர். கெடுதலெல்லாம் இந்த எண்ணத்தில்தான் விளைகிறது. இஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் கலந்த ஆவியைப் பிஸ்டன் மேலே தள்ளிச் சுமார் பத்தில் ஒரு பங்காக அமுக்குகிறது. டீசல் இஞ்சினில் அமுக்கம் இன்னும் அதிகம். காற்று அமுங்கும், ஜலம் அமுங்காது. காற்று இழுக்கும் குழாய் வழியே ஜலம் புகுந்து, பிஸ்டனுக்கு மேல் எஞ்சும் சிறு இடத்தை நிரப்பிவிட்டால், பிஸ்டன் பாறையில் மோதினாற்போல் நின்றுபோகிறது. கீழே கிராங்க் சுழல முயல்கிறது. நடுவில் அகப்பட்ட கனெக்டிங் ராடு வளைந்துபோகிறது. சில சமயம் அது சிறிதளவே வளைந்து, வண்டியும் ஓடி, உடையவன் தப்பினோம் என்று மகிழ்ந்திருக்க, சில வாரங்களுக்குப் பின் ராடு முறிந்து இஞ்சின் பிளாக்கையே துளைத்துக்கொண்டு வெளிவருவதும் உண்டு.

ஆகவே, வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கிளப்ப முயலலாகாது. சாவியைத் திருப்புவதும் பொத்தானை அமுக்குவதும் இரண்டும் ஒன்றுதான். பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, வண்டியைப் பட்டறைக்கு ஏற்றிச் செல்ல வேண்டும். ஆட்டோமாட்டிக் கியர் உள்ள வண்டியைச் சக்கரம் தரையில் உருளக் கயிறு கட்டி இழுத்தால் கியர்ப் பெட்டியும் போய்விடும். பட்டறையில் பிளக்குகளைக் கழற்றி, இஞ்சினைக் கையால் சுற்றினால் உள்ளிருக்கும் ஜலம் வெளியே பீச்சும். ஆயில் பால்விட்ட காபி நிறமாக இருந்தால் அதிலும் ஜலம் கலந்திருக்கிறது என்று கொள்க. ஆயிலையும் பில்டர்களையும் மாற்றிய பிறகே கிளப்பிப் பார்க்கலாம். இவ்வளவும் சீக்கிரம் நடக்க வேண்டும். வெள்ள ஜலம் சுத்த ஜலமன்று. சேறும் சாக்கடையும் கலந்தது. சில தினங்களிலேயே உள்ளே துரு ஏறத் தொடங்கும்.

இனி, நாம் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருவோம். மோட்டார் இன்ஷூரன்ஸ் பாலிஸியில் வெள்ளமும் புயலும் நஷ்டஈட்டுக்குரிய அபாயங்களாகத் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. அதே பத்திரத்தில், விளைவாக நேரும் நஷ்டத்துக்கும் யந்திரக் கோளாறுக்கும் கம்பெனி பொறுப்பன்று என்றும் கண்டிருக்கிறது. முதல் வாக்கியத்தைக் காட்டிப் பிரீமியம் வாங்குகிறார்கள். இரண்டாவது வாக்கியத்தைக் காட்டிப் பணத்தை மறுக்கிறார்கள். "நீர் ஜலத்தில் வண்டியைக் கிளப்பினீர்; ஆகவே இஞ்சினைக் கெடுத்தது வெள்ளமன்று, நீரே" என்பது கம்பெனியின் வாதம். தண்டலத்திலிருந்து வேலை முடிந்து இரவில் திரும்புகிறவனுடைய வண்டி சாலைப் பள்ளத்தில் நிற்கிறது. பின்னால் லாரி ஹாரன் அடிக்கிறது. அவன் சாவியைத் திருப்பாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்பானா? பக்கத்தில் சென்ற பஸ் எழுப்பிய அலையிலேயே ஓடுகிற இஞ்சின் பூட்டிக்கொண்டதென்றால் அது யாருடைய குற்றம்? பாலிஸியில் கண்ட விலக்கைச் சொல்லித் தப்ப விரும்பும் கம்பெனியே அதை ருஜுப்படுத்த வேண்டும் என்பதும், ஷரத்தில் சந்தேகமிருந்தால் அதை எழுதியவருக்கு விரோதமாகவே பொருள் கொள்ள வேண்டும் என்பதும் நம் நீதிமன்றங்கள் ஒப்புக்கொண்ட விதிகள். நடைமுறையிலோ, ருஜுப்படுத்தும் பாரம் வண்டிக்காரன் தலையிலேயே ஏற்றப்படுகிறது.

சர்வேயர் வரும்வரை இஞ்சினைத் திறக்கலாகாது என்கிறார்கள். நூற்றுக்கணக்கான வண்டிகள் ஒரே நாளில் மூழ்கும்போது அவர் எப்பொழுது வருவார்? அவர் வருமுன் ஏறிய துரு யார் கணக்கு? இதற்கு விடையில்லை. இஞ்சினுக்குத் தனிப் பாதுகாப்பென்று கூடுதல் பணத்துக்கு ஓர் இணைப்பு விற்கப்படுகிறது. வாங்கக்கூடியவர் வாங்குக. ஆனால் பழைய வண்டிக்காரர் அநேகரிடம் இருப்பது 1988-ம் வருஷத்து மோட்டார் சட்டம் கட்டாயப்படுத்தும் மூன்றாம் நபர் பாலிஸி மட்டுமே. மூழ்கிய வண்டிக்கு அதில் ஒரு காசும் கிடையாது. லோடு வண்டி ஓட்டிப் பிழைப்பவனுக்கு இது எத்தனை மாதத்து அடுப்பை அணைக்கும் என்று சொல்ல வேண்டுவதில்லை.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை கேட்டவுடன் வேளச்சேரி வாசிகள் தங்கள் கார்களை மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சிலர் நகைத்தனர். நமக்கு நகைப்பு வரவில்லை. சர்க்காரும் கம்பெனியும் காக்காத பொருளை உடையவன் காத்துக்கொண்டான். மழைக்கு முன்னரே மேட்டு நிலங்களில் வண்டி நிறுத்த இடம் குறித்து அறிவிப்பது சர்க்காருக்கு அப்படியொன்றும் அரிய காரியமன்று. "வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கிளப்பாதீர், கிளப்பினால் ஈடு மறுக்கப்படலாம்" என்ற ஒரு வரியைத் தமிழில், பெரிய எழுத்தில், பாலிஸியின் முதல் பக்கத்தில் கம்பெனிகள் அச்சிட வேண்டும் என்று சட்டம் செய்வதும் அரியதன்று.

மறுக்கப்பட்டவர் சும்மா இருக்க வேண்டாம். வண்டி ஜலத்தில் நிற்கும்போதே நீர்மட்டம் தெரியப் படம் எடுத்துவைக்கவும். மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்கவும். இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் ஒரு வருஷத்துக்குள் கட்டணமின்றி மனுச் செய்யலாம். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருஷ அவகாசம் உண்டு.

பழுது பார்க்கும் செலவு பாலிஸியில் மதிப்பிட்ட தொகையில் முக்கால் பங்குக்கு மேற்பட்டால் வண்டி முழு நஷ்டமென்று தீர்க்கப்படுகிறது. அப்படித் தீர்க்கப்பட்ட வண்டி ஏலத்தில் போய், மெருகேறி, மழையே காணாத ஜில்லாவில் விலைக்கு வருவதும் நடக்கிறது. வெள்ளத்தில் முழு நஷ்டமானதென்று பதிவுப் புத்தகத்திலேயே குறிக்க வேண்டும். அதுவரை, பழைய வண்டி வாங்குகிறவர் ஸீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பார்க்கட்டும். மூழ்கிய வண்டியானால் சேற்றுக் கறை அங்கே தங்கியிருக்கும்.